வலது விலாவுக்குக் கீழே குத்துகிறதா? ஸ்கேன், சிடி, லேப்ராஸ்கோபி, மாத்திரை, ஊசி: எதை எப்போது தேர்ந்தெடுப்பது

சேலத்தில் ஓர் இளம்பெண் வலது விலாவுக்குக் கீழே குத்துகிறது என்றால் வீட்டில் முதலில் கேஸ் என்பார்கள். அடுத்து பித்தப்பைக் கல். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவமாக இருந்தால், மூட்டை தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று சுளுக்கெடுக்கக் கூட்டிப் போவார்கள். இவற்றில் ஏதோ ஒன்று சரியாகவும் இருக்கலாம். யார் வாயிலும் வராத இன்னொரு காரணமும் உண்டு: கருப்பை, கருக்குழாய்ப் பகுதியில் இருக்கும் தொற்று மேலேறிக் கல்லீரலின் உறையைப் பிடித்துக்கொள்வது. பெரும்பாலும் கிளமிடியா, சில சமயம் கொனோரியா என்னும் மேகவெட்டைக் கிருமி. அழற்சி கல்லீரலின் உறையிலும் அதைத் தொட்டிருக்கும் வயிற்று உட்சவ்விலும்தான். கல்லீரல் சதைக்குள் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. எந்தச் சோதனைக்கு முதலில் பணம் செலவழிப்பது என்ற முடிவு முழுக்க இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது.

இதற்கு ஃபிட்ஸ்-ஹியூ கர்டிஸ் சிண்ட்ரோம் என்று பெயர். கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே வயலின் தந்திபோல நீண்டு நிற்கும் ஒட்டுகளை 1930இல் கர்டிஸ் எழுதிவைத்தார். 1934இல் ஃபிட்ஸ்-ஹியூ அதைக் கொனோரியாவோடு இணைத்தார். இடுப்புக்குழி அழற்சி (கருப்பை, கருக்குழாய்ப் பகுதியில் வரும் தொற்று) வந்த பெண்களில் 100க்கு 4 முதல் 14 பேருக்கு இது வருவதாகப் பாடநூல்கள் கணக்குச் சொல்கின்றன. பதின்ம வயதுப் பெண்களில் இன்னும் கூடுதல்.

வலிக்கு ஓர் அடையாளம் உண்டு. மூச்சை ஆழமாக இழுத்தால், இருமினால், படுக்கையில் புரண்டால் சுருக்கென்று கூடும். வலது தோள்பட்டைக்கும் ஏறும். எண்ணெய்ப் பலகாரம் தின்ற பிறகு வந்து சில மணி நேரத்தில் அடங்குவது பித்தப்பை வலியின் போக்கு. இது சாப்பாட்டைப் பார்ப்பதில்லை, அசைவைத்தான் பார்க்கும். கூடவே அடிவயிற்று வலி, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், உறவின்போது வலி, மாதவிடாய்க்கு நடுவே இரத்தக்கசிவு, காய்ச்சல் ஆகியவற்றில் ஏதாவது இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், விலா வலி பலமாக இருக்கும்போது அடிவயிற்று வலியை நோயாளியே சொல்ல மாட்டார். சில பெண்களுக்குக் கீழே வலியே இருக்காது. கிளமிடியா சத்தமில்லாமல் மாதக்கணக்கில் உள்ளே இருக்கக்கூடிய கிருமி.

முதல் முடிவு: எங்கே தொடங்குவது

மெடிக்கலில் கேஸ் மாத்திரையும் வலி மாத்திரையும் வாங்கிப் போடுவது ஒரு வழி. வலி மாத்திரை இந்த வலியைக் குறைக்கும், அதுதான் ஆபத்து. தொற்று உள்ளே ஓடிக்கொண்டே இருக்க, ஒரு வாரம் கழிந்துவிடும். இதைவிட மோசம், கூடவே கவுண்டரில் கொடுக்கும் 3 நாள் சிப்ரோஃப்ளாக்சசின். கொனோரியாக் கிருமி அதற்குப் பெரும்பாலும் மசிவதில்லை. கிளமிடியாவுக்கு அது சரியான மருந்தும் அல்ல. போதாக்குறைக்கு, பாதி மருந்து ஏறிய உடம்பில் பிறகு எடுக்கும் கிருமிச் சோதனையும் பொய்யாக "இல்லை" என்று வரலாம்.

இரண்டாவது வழி நேரே ஸ்கேன் சென்டர். ஐந்து ரோடு, ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் போனால் வயிற்று அல்ட்ராசவுண்ட் அன்றைக்கே எடுத்துவிடலாம், அதனால்தான் எல்லாரும் அங்கே போகிறார்கள். அந்த ஸ்கேன் வீண் என்று சொல்லவில்லை. பித்தப்பைக் கல், கல்லீரலில் அமீபாச் சீழ்க்கட்டி, சிறுநீரக அடைப்பு, சினைப்பைப் பக்கம் சீழ்க்கட்டி இவற்றை நன்றாகக் காட்டும். ஆனால் உறை மட்டும் அழன்றிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. "நார்மல்" என்று ரிப்போர்ட் வரும், வீட்டார் நிம்மதியாகி விடுவார்கள், கேஸ் மாத்திரை தொடரும். நோய் கைநழுவிப் போவது அதிகமும் இந்த இடத்தில்தான். இரத்தத்தில் எடுக்கும் கல்லீரல் சோதனையும் அப்படியே: சதை பாதிக்கப்படாததால் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இயல்பாகவோ சற்றே கூடியோ இருக்கும். நூற்றுக்கணக்கில் ஏறி, கண்ணும் மஞ்சளித்திருந்தால் இந்த நோயை விட்டுவிட்டு மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல் பக்கம் தேட வேண்டும்.

மூன்றாவது வழி மகப்பேறு மருத்துவரின் கைப்பரிசோதனை. செலவில் குறைந்தது இதுதான், முடிவைத் திருப்புவதும் இதுதான். கையுறை போட்ட இரண்டு விரலை உள்ளே வைத்து, மறு கையை அடிவயிற்றின் மேல் அழுத்தி, கருப்பைவாயை இடமும் வலமும் மெல்ல அசைப்பார். அந்த அசைவில் வலித்தாலோ, கருப்பையை அல்லது சினைப்பைப் பக்கத்தை அழுத்தும்போது வலித்தாலோ, வேறு தெளிவான காரணம் இல்லாத பட்சத்தில் இடுப்புக்குழி அழற்சி என்று கொண்டு மருந்து தொடங்கலாம். அதே மேசையில் யோனித் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து, உப்புநீர் சேர்த்து, மைக்ரோஸ்கோப்பில் வெள்ளணு இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். வெள்ளணுவும் இல்லை, கருப்பைவாயில் சீழும் இல்லை என்றால் இந்த நோய்க்கான வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது ஸ்கேனை முன்னுக்குக் கொண்டுவருவதில் அர்த்தம் இருக்கிறது.

ஆக, நமது வரிசை இது: கர்ப்பச் சோதனை, கைப்பரிசோதனை, ஸ்வாப் (பஞ்சுக் குச்சியில் எடுக்கும் மாதிரி). ஸ்கேன் அதற்குப் பின். விலா வலிக்கு மகப்பேறு மருத்துவரா என்று வீட்டில் கேட்பார்கள். 25 வயதுக்குக் கீழ் இருப்பவர், அண்மையில் காப்பர்-டி வைத்தவர், கருக்கலைப்போ, கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி-யோ செய்துகொண்டவர், தனக்கோ கணவருக்கோ வேறு துணை இருந்தவர் என்றால் தயங்கவே வேண்டாம்.

கர்ப்பச் சோதனையை முதலில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே இரத்தம் கசிந்தாலும் வலி தோள்பட்டைக்கு ஏறும். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது, தோள் வலிக்கிறது, தலைசுற்றி மயக்கம் வருகிறது என்றால் எந்த ஒப்பீடும் வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

ஸ்வாப் விஷயத்தில் ஒரு சின்னத் தேர்வு. கிளமிடியா, கொனோரியா இரண்டையும் மரபணு முறையில் கண்டறியும் நாட் சோதனைதான் நம்பகமானது. பெண்களுக்குச் சிறுநீரைவிட யோனி ஸ்வாப்பில் கிருமி சிக்கும் வாய்ப்பு அதிகம். சிறுநீர்தான் கொடுக்க முடியும் என்றால் முதலில் வரும் சிறுநீரைக் கொடுக்க வேண்டும். வழக்கமான சிறுநீர்ச் சோதனைக்குச் சொல்வதுபோல நடுவில் பிடித்தால் கிருமி கழுவிக்கொண்டு போயிருக்கும். ரிப்போர்ட் வரும்வரை மருந்தை நிறுத்திவைக்கக் கூடாது. ஸ்வாப்பில் "இல்லை" என்று வந்தாலும் மேலே கருக்குழாயில் கிருமி இருக்கலாம். இந்த இரண்டு கிருமியும் இல்லாமலேயே, யோனியில் இயல்பாக வாழும் வேறு கிருமிகளாலும் இடுப்புக்குழி அழற்சி வருவதுண்டு.

சிடியா, லேப்ராஸ்கோபியா

பரிசோதனையில் வலி தெளிவாக இருந்து, காய்ச்சல் பெரிதாக இல்லாமல், ஸ்கேனில் கட்டியும் இல்லை என்றால் இரண்டுமே வேண்டாம். மருந்தைத் தொடங்கி 72 மணி நேரம் பார்ப்பதே நல்லது.

சிடி எடுக்க வேண்டிவந்தால், எப்படி எடுப்பது என்பதில்தான் பலன் இருக்கிறது. இரத்தக்குழாயில் மருந்து ஏற்றி, சாதாரணமாக ஏறத்தாழ 70 விநாடி கழித்துப் படம் எடுப்பார்கள். அழன்ற உறை பளிச்சென்று தெரிவது அதற்கு முன்னால், சுமார் 30 முதல் 40 விநாடிக்குள், தமனிக் கட்டத்தில். ஒரே கட்டத்தில் எடுத்த படத்தில் அது நழுவிவிடலாம். ஆகவே மருத்துவர் எழுதும் சீட்டில் "வயிற்று வலி, சிடி" என்று மட்டும் இருந்தால் போதாது. கல்லீரல் உறை அழற்சி என்ற சந்தேகமும், தமனிக் கட்டம் வேண்டும் என்ற குறிப்பும் இருக்க வேண்டும். சீட்டில் அது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வதில் தப்பில்லை. கர்ப்பம் இல்லை என்பதும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 20 வயதுப் பெண்ணுக்குக் கதிர்வீச்சு சும்மா கொடுக்கிற விஷயமல்ல. குடல்வால், துளைபட்ட குடற்புண், நுரையீரல் அடைப்பு போன்ற வேறு ஒன்றை விலக்க வேண்டிய கட்டாயம் இருந்தால்தான் சிடி.

நோயை நேரில் பார்த்து உறுதி செய்வது, வயிற்றில் சிறு துளை வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி ஒன்றுதான். தொடக்க நாட்களில் உறையின்மேல் சிவந்த புள்ளிகளும் படலமும் தெரியும். நாள் கடந்ததில் அந்தத் தந்திகள் தெரியும். பார்த்த கையோடு அறுத்தும் விடலாம், கருக்குழாயின் நிலையையும் பார்க்கலாம். ஆனால் முழு மயக்கம் வேண்டும், துளைகள் போட வேண்டும், நோயின் பெயரை உறுதி செய்வதற்காக மட்டும் அதைச் செய்வது அதிகப்படி. மூன்று சந்தர்ப்பங்களில் அது நியாயம்: 72 மணி நேர மருந்துக்கும் அசையாத வலி, சீழ்க்கட்டி, மருந்து முழுதும் முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தங்கிய விலா வலி. அறுவைக்குப் பின் ஓரிரு நாள் வலது தோள் வலிப்பது உள்ளே ஏற்றிய வாயுவால். பழைய நோய் திரும்பிவிட்டது என்று அதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை.

காசநோயை மறந்துவிடக் கூடாது. நம் ஊரில் கருக்குழாய்க் காசநோயும் கல்லீரலைச் சுற்றி இதே மாதிரி ஒட்டுகளை உண்டாக்கும். மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, குழந்தையின்மை சேர்ந்திருந்தால் லேப்ராஸ்கோபியில் திசு எடுத்துக் காசநோய்ச் சோதனைக்கும் அனுப்பச் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளைக் கண்மூடித்தனமாகக் கொடுப்பது காசநோயையும் கொஞ்ச நாள் அமுக்கிவைக்கும் என்பது அந்த மருந்துகளைத் தவிர்க்க இன்னொரு காரணம்.

மஞ்சள் பொட்டலமா, ஊசியா, படுக்கையா

அரசு மருத்துவமனைகளின் சுகவாழ்வு மையங்களில் பால்வினைத் தொற்றுக்கு இலவச சிகிச்சை உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாக்கோவின் வழிகாட்டுதலில் அடிவயிற்று வலிக்கு உரியது 6ஆம் எண் பொட்டலம், மஞ்சள் நிறம்: செஃபிக்ஸிம் 400 மி.கி. ஒரே ஒரு வேளை, மெட்ரோனிடசோல் 400 மி.கி. தினம் இருவேளை 14 நாள், டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. தினம் இருவேளை 14 நாள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2021 வழிகாட்டுதல் செஃபிக்ஸிமுக்குப் பதில் செஃப்ட்ரையாக்ஸோன் 500 மி.கி. ஊசியைத் தசையில் ஒருமுறை போடச் சொல்கிறது. மெட்ரோனிடசோல் 500 மி.கி.; டாக்ஸிசைக்ளின் அதே அளவு, அதே நாட்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் மருந்தில். ஊசியில் இரத்தத்தில் மருந்து அதிகம் ஏறி நெடுநேரம் நிற்கும், மாத்திரையில் அந்த உயரம் கிடைக்காது. வலி அடிவயிற்றோடு லேசாக நின்றால் மஞ்சள் பொட்டலம் போதும். தொற்று கல்லீரல்வரை ஏறியிருக்கும் சந்தேகம் இருந்தால் ஊசிதான் நம் தேர்வு. சுகவாழ்வு மையத்தில் "விலாவிலும் வலிக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் மஞ்சள் பொட்டலத்தோடு அனுப்பிவிடுவார்கள், அவர்கள் மேல் குற்றமில்லை.

படுக்கையில் சேர வேண்டியவர்கள்: கர்ப்பிணிகள், சினைப்பைப் பக்கம் சீழ்க்கட்டி உள்ளவர்கள், 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் உள்ளவர்கள், மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தி எடுப்பவர்கள், குடல்வால் போன்ற அறுவை நோயை இன்னும் விலக்க முடியாதவர்கள், 72 மணி நேரத்தில் மாத்திரைக்கு இறங்காதவர்கள். அங்கே செஃப்ட்ரையாக்ஸோன் 1 கிராம் இரத்தக்குழாய் வழியாக 24 மணிக்கொருமுறை, கூடவே மற்ற இரண்டும். உடம்பு தேறிய 24 முதல் 48 மணி நேரத்தில் மாத்திரைக்கு மாற்றி, மொத்தம் 14 நாள் நிறைவு செய்வார்கள். கர்ப்பிணிக்கு டாக்ஸிசைக்ளின் கிடையாது, அசித்ரோமைசின்தான்.

மலைமேல் இருப்பவருக்கு இந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும். வீட்டில் மாத்திரை என்பது மூன்றாம் நாள் கட்டாயம் திரும்பி வந்து காட்டுகிற ஏற்பாடு. ஏற்காட்டுக்கு அப்பால் எஸ்டேட் லைன் வீட்டிலோ பஸ் குறைந்த குக்கிராமத்திலோ இருப்பவருக்கு, அறுவடை நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருவது நடக்காத காரியமாக இருக்கலாம். அப்படியானால் ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே மூன்றாம் நாள் பார்ப்பதற்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். அதுவும் முடியாது என்று தோன்றினால், சேலம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், முதல் மூன்று நாள் படுத்துவிடுவது மேல். தனியாரில் சேருவதாக இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா, இந்தச் சிகிச்சைக்குச் செல்லுமா என்று சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மருந்து ஏன் தோற்கிறது

பெரும்பாலும் கிருமியால் அல்ல, மாத்திரை போடும் விதத்தால். டாக்ஸிசைக்ளினோடு இரும்புச் சத்து மாத்திரையைச் சேர்த்து விழுங்கினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு குடலில் ஏறாமல் போகும். இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் ஊரில் ஏராளம், அதை யாரும் "மருந்து" என்று கணக்கில் சொல்வதில்லை. அந்த 14 நாளும் அதை நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால்சியம் மாத்திரையும், விலா வலிக்கென்று ஏற்கெனவே குடித்துக்கொண்டிருக்கும் அல்சர் டானிக்கும் இதே வேலையைச் செய்யும். பால் காப்பியையும் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

டாக்ஸிசைக்ளினை ஒரு மடக்கு நீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும், நெஞ்செரியும், "மாத்திரை ஒத்துக்கவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர், அரை மணி நேரம் படுக்காமல் இருப்பது, வெறும் வயிற்றைத் தவிர்ப்பது: இவ்வளவுதான் வேண்டியது. வெயில் பட்டால் தோல் எரியும், முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் வேண்டும். மெட்ரோனிடசோல் வாயில் இரும்புச் சுவையையும் குமட்டலையும் கொண்டுவரும். முதல் வேளையை மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்து போடாமல் வீடு போய்ச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். போட்ட அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையை மறுபடி போட வேண்டும். அந்த நாட்களில் மது வேண்டாம்.

வலி மூன்று நாளிலேயே நன்றாகக் குறையும். அங்கே நிறுத்துபவர்களுக்குத்தான் கருக்குழாய் அடைப்பு, குழாயில் கரு தங்குதல், நாட்பட்ட அடிவயிற்று வலி ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. இன்னொன்று: டாக்ஸிசைக்ளின் கேட்டதாலேயே நோய் இதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது. தமிழ்நாட்டு மலையோரங்களில் உள்ள ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் இதே மருந்துக்கு இறங்கும். காய்ச்சல் முன்னால் வந்து வலி பின்னால் வந்திருந்தால், அக்குளிலோ தொடையிடுக்கிலோ கருகிய சிறு புண் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

காப்பர்-டி இருந்தால் உடனே எடுக்க வேண்டியதில்லை. மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் முன்னேற்றம் இல்லை என்றால் எடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள்.

கணவருக்கு என்ன

வலி வருவதற்கு முந்தைய 60 நாளில் உறவு கொண்டவர் எவராயினும், அறிகுறி இல்லாவிட்டாலும், அவருக்கும் மருந்து வேண்டும். நாக்கோ முறையில் அவருக்கு 1ஆம் எண் சாம்பல் நிறப் பொட்டலம்: அசித்ரோமைசின் 1 கிராமும் செஃபிக்ஸிம் 400 மி.கி.யும் ஒரே வேளையில் முடிந்துவிடும். கிளமிடியாவுக்கு டாக்ஸிசைக்ளின் 7 நாள் இதைவிட நன்றாக வேலை செய்கிறது என்பதால் புதிய வழிகாட்டுதல்கள் அதை முன்வைக்கின்றன. ஏழு நாள் ஒழுங்காகப் போடுவார் என்றால் அது. வெளியூரில் வேலை, ஒருநாள்தான் கையில் கிடைப்பார் என்றால், கண்முன்னே விழுங்கவைக்கிற சாம்பல் பொட்டலமே உறுதியானது. இருவரும் முடிக்கும்வரை உறவு கூடாது. முடிக்காதவரிடமிருந்து திரும்பவும் தொற்றும்.

இந்த இடத்தில்தான் வீட்டில் சண்டை கிளம்பும். கிளமிடியா எப்போது தொற்றியது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. திருமணத்துக்கு முன் யாரோ ஒருவருக்கு வந்தது இப்போது வெளியே தெரியலாம். ரிப்போர்ட்டை வைத்து யார் தப்பு என்று பஞ்சாயத்து வைப்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. தனியாகப் பேச வேண்டும் என்றால் மருத்துவரிடம் கேட்கலாம், கூட வந்தவரை வெளியே நிற்கச் சொல்வார். நோயாளி 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் கொடுக்கும் கடமை மருத்துவருக்கு உண்டு என்பதையும் முன்பே அறிந்திருப்பது நல்லது. அதற்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் கருக்குழாய்தான் கெடும்.

அதே வருகையில் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனையையும், கூடவே சிபிலிஸ், ஹெபடைடிஸ்-பி சோதனைகளையும் முடித்துவிடுங்கள். எச்.ஐ.வி. சோதனை இலவசம், முடிவை ரகசியமாக வைத்திருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். நேரில் போகத் தயக்கம் இருந்தால் முதலில் நாக்கோவின் 1097 எண்ணில் கேட்கலாம். கிளமிடியா அல்லது கொனோரியா உறுதியாகியிருந்தால் 3 மாதம் கழித்து மறுபடி ஸ்வாப் கொடுக்க வேண்டும். அதை 4 வாரத்துக்குள் அவசரப்பட்டுக் கொடுத்தால் செத்த கிருமியின் மரபணுவே சிக்கி, நோய் போகவில்லை என்று தப்பாகக் காட்டும்.